வீட்டிலேயே சாலட் டிரெஸ்ஸிங்: ஆச்சியிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறார்கள். அங்கே அடுப்படி என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் கோழி வறுவலைக் கண்ணில் நீர் வரச் சாப்பிடுவார்கள். மறுநாள் மெதுவாக, "கொஞ்சம் சாலட் கிடைக்குமா?" என்பார்கள். அப்படிக் கற்றுக்கொண்டதுதான் இது. இப்போது உறவுக்காரர்களும் உடன் வேலை செய்யும் பிள்ளைகளும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதையே கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஆச்சி, டிரெஸ்ஸிங்னா என்ன? மயோனைஸா?

மயோனைஸ் இல்லை. புளிப்பு, எண்ணெய், உப்பு மூன்றையும் கலந்து, நறுக்கிய பச்சைக் காய் மேலும் இலை மேலும் சாப்பிடும் நேரத்தில் ஊற்றிப் புரட்டுவது. இதில் மிக எளிய வகைக்கு பிரெஞ்சுக்காரர்கள் வினிகிரெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் வினிகரிலிருந்து வந்தது. அடுப்பு வேண்டாம், ஐந்து நிமிட வேலை.

மயோனைஸ் முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிப்பது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை நம் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. நம் வெயிலுக்குப் பச்சை முட்டையை மேசையில் வைக்க எனக்கும் துணிச்சல் இல்லை. யாராவது கேட்டால் தயிரில் செய்து கொடுக்கிறேன், அது பின்னால் வருகிறது.

அப்ப நம்ம கோசமல்லி மாதிரியா?

எந்தக் கோசமல்லி என்று முதலில் சொல்லுங்கள். நம் பக்கம் கோசமல்லி என்றால் கத்திரிக்காயை வேகவைத்து மசித்து, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் தொட்டுக்கொள்வது. மற்ற ஊர்க்காரர்கள் வெள்ளரியும் ஊறவைத்த பாசிப்பருப்பும் கலந்து எலுமிச்சை பிழிவதை கோசுமல்லி என்பார்கள். அந்த வெள்ளரிக் கோசுமல்லிக்குத்தான் இது கிட்டத்து உறவு. வித்தியாசம் என்னவென்றால், அதில் எண்ணெய் தாளிப்பாகத் துளி வரும். இதில் எண்ணெய்தான் பாதிக்கு மேல்.

சரி, அளவு சொல்லுங்க.

நான்கு பேருக்கு: எண்ணெய் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, இடித்த மிளகு இரண்டு சிட்டிகை. விருப்பமிருந்தால் தேன் அரைத் தேக்கரண்டி. மூடி இறுகும் ஜாம் பாட்டிலில் சாற்றையும் உப்பையும் முதலில் போட்டுக் கரைத்து, மற்றதைச் சேர்த்து, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கினால் முடிந்தது.

மூன்றுக்கு ஒன்று என்பது பிரெஞ்சுச் சமையல்காரர்கள் சொல்லும் கணக்கு. நம் நாக்கு புளிக்குப் பழகியது. நம் வீட்டாருக்கு என்றால் இரண்டுக்கு ஒன்று வைக்கிறேன். எப்படி வைத்தாலும் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்க்காதீர்கள். வெறுமே ருசித்தால் எல்லா டிரெஸ்ஸிங்கும் புளிப்பாகத்தான் இருக்கும். ஒரு வெள்ளரித் துண்டைத் தோய்த்துக் கடித்துப் பாருங்கள். துண்டோடு சேர்ந்தால் 'கொஞ்சம் தூக்கல்' என்று தோன்ற வேண்டும், அதுதான் பதம். காய் முழுவதும் பரவும்போது அது அடங்கிவிடும்.

புத்தகத்துல "ஒரு லெமன்"னு இருந்துச்சு, ஒரு பழம்தான் பிழிஞ்சேன். எண்ணெயா வழியுதே?

அவர்கள் லெமன் என்பது பெரிய மஞ்சள் பழம். ஒன்றைப் பிழிந்தால் மூன்று மேசைக்கரண்டி வரை சாறு வரும். நம் எலுமிச்சை சிறியது, புளிப்பும் கூடுதல். நல்ல பழமாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி தேறும், கோடையில் வரும் காய்ந்த பழத்தில் அதுவும் வராது. பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்து ஊற்றுங்கள்.

ஆலிவ் எண்ணெய் விலை கட்டுபடியாகல. நல்லெண்ணெய் ஊத்தலாமா?

தாராளமாக. ஆனால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு குணம் உண்டு. செக்கு நல்லெண்ணெய்க்கு வாசம் தூக்கலாக இருக்கும். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் லேசான இனிப்பும் இருக்கும். வெள்ளரி, முள்ளங்கி, முளைகட்டிய பயறு ஆகியவற்றுக்கு அது ஜோடி. மென்மையான இலைக்கும் பழத்துக்கும் ஊற்றினால் எண்ணெய் வாசம் மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பாதி நல்லெண்ணெய், பாதி வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய் என்று கலந்துகொள்கிறேன்.

செக்குக் கடலை எண்ணெயும் நன்றாகவே இருக்கும். முக்கியமாக, பச்சை மாங்காய் சேர்த்த சாலடுக்கு. ஒன்று மட்டும் கவனம்: வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். எள்ளும் கடுகும் சிலருக்கு ஆகாது. விருந்தாளி என்றால் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவேன்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் எங்கே 24 டிகிரி என்று சிரிக்காதீர்கள், பிரிட்ஜிலிருந்து எடுத்த வெள்ளரி மேல் பட்டால் போதும், மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றலாமா என்றும் ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன். கூடாது.

வினிகர் வாங்கியே ஆகணுமா?

வேண்டியதில்லை. எலுமிச்சையே போதும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. லேபிளில் 'சிந்தெடிக்' என்று இருக்கும். ஊறப்போட ஆகும், பச்சையாகச் சாப்பிட மூக்கில் ஏறும். ஆப்பிள் சைடர் வினிகர் இருந்தால் அதே அளவில் ஊற்றலாம்.

புளியும் ஆகும், நான் அடிக்கடி செய்வது அதுதான். பச்சைப்புளி ரசத்துக்குக் கரைப்பதைவிடக் கெட்டியாக, கொட்டைப்பாக்கு அளவு புளியை இரண்டு மேசைக்கரண்டி கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அதில் உப்பு, சுண்டைக்காய் அளவு கருப்பட்டித் தூள், வறுத்து நசுக்கிய ஒரு முண்டு மிளகாய், 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். முண்டு மிளகாய் என்றால் ராமநாதபுரத்து உருண்டை மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். புளிக் கரைசல் கெட்டியாக இருப்பதால் எண்ணெயும் சீக்கிரம் பிரியாது. வெள்ளரி, சின்ன வெங்காயம், வெந்த கொண்டைக்கடலை மூன்றையும் இதில் புரட்டி வைத்த அன்று, தட்டு திரும்பி வரும்போது அடியில் துடைத்த மாதிரி இருந்தது.

உப்பு அடியிலயே நறநறன்னு நிக்குது, ஏன்?

எண்ணெயில் உப்பு கரையாது. நீங்கள் எண்ணெயை முதலில் ஊற்றியிருப்பீர்கள். சாறு, உப்பு, கரைந்த பிறகு எண்ணெய், இந்த வரிசை மாறக் கூடாது. தேனும் கருப்பட்டியும் அப்படித்தான்.

ரெண்டு நிமிஷத்துல எண்ணெய் தனியா மேல வந்துருது. நான் ஏதோ தப்பு பண்றேன்ல அயித்தை?

தப்பே இல்லை. எண்ணெயும் சாறும் ஒட்டாத உறவு. குலுக்கும்போது எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறி நிற்கும், விட்டால் துளிகள் ஒன்று கூடி மேலே வந்துவிடும். கடைப் பாட்டிலில் பிரியாமல் நிற்கிறதே என்றால், அதில் சாந்தன் கம் மாதிரி கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்திருப்பார்கள். வீட்டில் ஊற்றும் முன் இன்னொரு முறை குலுக்கினால் போதும்.

கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும் என்றால் கடுகு சேருங்கள். கடுகின் தோலில் பசைத்தன்மை இருக்கிறது. அது எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சேரவிடாது. ஒரு தேக்கரண்டி கடுகை அம்மியில் துளித் தண்ணீர் விட்டு அரைத்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் காரம் ஏறும். அதன் பிறகு எலுமிச்சை. முதலிலேயே புளிப்பை ஊற்றினால் காரம் ஏறாமல் கசப்பு மட்டும் நிற்கும். நான்கு பேர் அளவுக்கு இந்த விழுதில் அரைத் தேக்கரண்டி தாராளம். தேனும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும்.

கடுகைத் தாளிச்சுக் கொட்டுனா ஆகாதா?

ருசிக்கு ஆகும், சேர்த்துப் பிடிக்க ஆகாது. சூட்டில் பொரிந்த கடுகில் அந்த மூக்கைத் துளைக்கும் காரம் வராது. காரத்தை உண்டாக்கும் நொதி சூட்டிலேயே செத்துவிடும், முழுக் கடுகாக இருப்பதால் பசையும் வெளியே வராது. தாளிப்புதான் வேண்டும் என்றால் தாளித்து முழுக்க ஆறவிட்டுச் சேருங்கள். சூடாகக் கொட்டினால் இலை வெந்துபோகும்.

மிக்ஸில அடிக்கலாமா?

அடிக்கலாம், அரை மணி நேரம் வரை பிரியாமல் நிற்கும். ஆனால் நான்கு பேர் அளவு பிளேடுக்கே எட்டாது.

குலுக்குகிறவர்கள் மூடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். ஒருநாள் மூடி சரியாக ஏறாத பாட்டிலை வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்துப் பக்கம், நின்றபடி குலுக்கினேன். ஆத்தங்குடிக் கல் தரையில் நீளமாகச் சிதறியது. எண்ணெயைத் துடைத்துவிட்டேன். எலுமிச்சை பட்ட இடம் மட்டும் பளபளப்புப் போய் வெளுத்துவிட்டது, ஏனென்றால் அந்தக் கல் சிமெண்டில் செய்வது, புளிப்பு அதை அரிக்கும். பச்சைப் பூ போட்ட கல்லில் கட்டை விரல் அகலத்துக்கு அந்த வெளுப்பு இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் கல் பழசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

நம்ம ஊர்ல லெட்யூஸ் எங்க கிடைக்குது?

கிடைக்கும் நாளில் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து வரும், வரும்போதே பாதி வாடியிருக்கும். அதைத் தேடி அலையாதீர்கள். வெள்ளரி, கேரட், முள்ளங்கி, தக்காளி, முட்டைக்கோஸ், பப்பாளிக் காய், மாங்காய், இளம் வாழைத்தண்டு, மாதுளை முத்து, எல்லாவற்றுக்கும் இதே டிரெஸ்ஸிங் பொருந்தும். வாழைத்தண்டை நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போட்டு, நார் எடுத்து, பிழிந்துவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும்.

பச்சையாகச் சாப்பிடப் போகிறோம் என்பதை மறக்க வேண்டாம். குடிக்க முடியாத தண்ணீரில் கழுவிய காயைச் சாலடில் போடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை கழுவினாலும், கடைசி அலசல் கொதித்து ஆறிய தண்ணீரில் இருக்கட்டும்.

ஊத்துன கொஞ்ச நேரத்துல குளம் மாதிரி தண்ணி விட்டுருது ஆச்சி.

இரண்டு காரணம். ஒன்று, கழுவிய ஈரம் போகாமலே ஊற்றியிருப்பீர்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் ஒட்டாது, வழுக்கி அடியில் போய்விடும். பழைய மெல்லிய வேட்டித் துணியில் இலையைப் போட்டு, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, கொல்லையில் நின்று கையைச் சுழற்றி வீசுங்கள். பத்துச் சுழற்றில் உலர்ந்துவிடும்.

இன்னொன்று உப்பு. உப்பு பட்டதும் காய்க்குள் இருக்கும் நீர் வெளியே வரும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் பிசறினால் நடப்பதும் அதுதான். அதனால் இலைக்குப் பரிமாறும் நொடியில் ஊற்ற வேண்டும். வெள்ளரியையும் முள்ளங்கியையும் நறுக்கி, சிட்டிகை உப்பு தூவி, கால் மணி கழித்துப் பிழிந்துவிட்டால் பிறகு தண்ணீர் விடாது. அப்போது டிரெஸ்ஸிங்கில் உப்பைக் குறையுங்கள். முட்டைக்கோஸ் மட்டும் விதிவிலக்கு. முன்கூட்டியே ஊற்றி அரை மணி ஊறினால்தான் அது பதமாகும்.

பூண்டு போட்டா வாய் நாறுது, காட்டமா இருக்கு.

ஒரு பல் போதும். துருவி, எண்ணெயில் போடாமல் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். புளிப்பு அதன் காட்டத்தை அடக்கிவிடும். சின்ன வெங்காயத்துக்கும் இதே வைத்தியம். வாய் நாற்றத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

செஞ்சு எத்தனை நாள் வச்சிருக்கலாம்?

சாறு, எண்ணெய், உப்பு, மிளகு மட்டும் என்றால் பிரிட்ஜில் நான்கைந்து நாள். கெடுவதற்கு முன்பே எலுமிச்சை வாசம் போய், கசப்புத் தட்டும். பூண்டு, வெங்காயம், மல்லித்தழை ஏதாவது சேர்த்திருந்தால் பிரிட்ஜில் இரண்டு நாள். வெளியே வைக்கவே கூடாது.

பிரிட்ஜில் வைத்த பாட்டில் மங்கலாகவோ திப்பி திப்பியாகவோ தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆலிவ் எண்ணெயும் கடலை எண்ணெயும் குளிரில் அப்படி ஆகும், நல்லெண்ணெய் அநேகமாக ஆகாது. பத்து நிமிடம் வெளியே வைத்துக் குலுக்குங்கள். உறைந்தால் சுத்தம், உறையாவிட்டால் கலப்படம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஊறுகாய் வருஷக் கணக்கா ஜாடில வெளியிலதான இருக்கு? பூண்டு போட்ட எண்ணெய் மட்டும் ஏன் கெடும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டது என் கூட வேலை செய்யும் பிள்ளை, பதில் தெரிந்துகொள்ள எனக்கே நாளானது. பாட்டுலிசம் என்று ஒரு நச்சு நோய் உண்டு. அதை உண்டாக்கும் கிருமி மண்ணில் இருக்கிறது, பூண்டோடு வந்துவிடும். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் பெருகும். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்தால் மூன்றும் கிடைத்துவிடுகிறது. பூண்டுக்குள் ஈரம், சுற்றிலும் எண்ணெய், காற்று இல்லை, புளிப்பும் இல்லை. நாற்றமோ நிற மாற்றமோ காட்டாது என்பதுதான் ஆபத்து.

ஊறுகாயில் உப்பும் புளிப்பும் காய்க்குள்ளேயே ஏறியிருக்கும், வெயிலில் ஈரமும் சுண்டியிருக்கும். அதனால் தாங்குகிறது. டிரெஸ்ஸிங்கில் புளிப்பு இருந்தாலும் ஊறுகாய் அளவு உப்பு இல்லை. அதனால்தான் மேலே இரண்டு நாள், அதுவும் பிரிட்ஜ் என்று சொன்னேன். பூண்டு எண்ணெய் என்று தனியாகப் போட்டு அலமாரியில் அடுக்குகிறார்களே, அதை வீட்டில் செய்யாதீர்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பீங்கான் ஜாடி வாங்குனேன். அதுல ஊத்தி வைக்கலாமா? பித்தளைக் கிண்ணம்?

ஜாடி அழகுதான், பழஞ்சாமான் கடைத் தெருவுக்குப் போனால் நானும் கை வைக்காமல் வரமாட்டேன். ஆனால் பழைய மெருகுப் பூச்சு சிலவற்றில் காரீயம் இருக்கும், புளிப்பு அதை இழுத்துக்கொள்ளும். எந்த ஜாடி என்று பார்த்துச் சொல்ல முடியாது. முகப்பில் பூ வைக்க வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் பூசாத பித்தளையும் செம்பும் புளிப்புக்கு ஆகாது, களிம்பேறும். கண்ணாடி நல்லது, எவர்சில்வரில் கலக்கலாம்.

புளிப்பு கூடிப்போச்சு. இப்ப என்ன பண்ண?

எண்ணெய் ஒரு தேக்கரண்டி, பிறகு துளித் தேன், இந்த வரிசையில். உப்பு கூடினால் சாறும் எண்ணெயும் சேர்த்து அளவைப் பெருக்குவதைத் தவிர வழியில்லை, அல்லது உப்பில்லாத காயை இன்னும் நறுக்குங்கள். தேன் சேர்த்ததை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. காரணம், மேலே சொன்ன அதே பாட்டுலிசக் கிருமிதான்.

தயிர்ல எப்படி?

புளிக்காத கெட்டித் தயிர் அரைக் கிண்ணம். துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு வடித்தது. அதில் உப்பு, மிளகு, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பொடியாக நறுக்கிய புதினா. மத்தில் நான்கு சுற்று. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பச்சடிதானே இது என்றால், ஆமாம், எண்ணெய் ஊற்றிய பச்சடி.

வீட்டுக்காரருக்கு சர்க்கரை. டாக்டர் சாலட் சாப்பிடச் சொன்னார். எண்ணெயே இல்லாம செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முழுக்க விட வேண்டியதில்லை. கேரட்டில் இருக்கும் கரோட்டின் மாதிரிச் சத்துகள் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. நான்கு பேர் அளவில் தலைக்கு 90 வரும். அதைப் பாதியாக்கி, புளிப்பை அப்படியே வைத்து, கடுகு விழுதைக் கூட்டினால் குறை தெரியாது. தேனையும் கருப்பட்டியையும் விட்டுவிடுங்கள். இரத்தக் கொதிப்பும் இருந்தால் உப்பு எவ்வளவு என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

சாந்திக் கல்யாணத்துக்கு, அதான் அறுபதாம் கல்யாணத்துக்கு, நூறு பேர். இதே கணக்கைப் பெருக்குனாப் போதுமா?

தலைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. நூறு பேருக்கு ஒன்றரை லிட்டர். நம் ஆட்கள்தானே, இரண்டுக்கு ஒன்று வையுங்கள்: எண்ணெய் 1 லிட்டர், சாறு அரை லிட்டர். அதற்கு 40 முதல் 50 பழம் வேண்டும். 60 வாங்குங்கள், சில பழம் ஏமாற்றும். உப்பைப் பெருக்கிப் போடாமல் ஒன்றரை மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, வெள்ளரித் துண்டில் தொட்டுப் பார்த்து ஏற்றுங்கள்.

பழத்தைக் காலையில் பிழிந்தால் போதும், முந்தின இரவு பிழிந்தால் கசக்கும். கொட்டை நசுங்கினாலும் கசக்கும், அதனால் அழுத்திப் பிழிகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எல்லாக் காயையும் அண்டாவில் மொத்தமாகப் புரட்டி வைத்தால் இரண்டாம் பந்திக்குள் தண்ணீரில் நீந்தும். பந்திக்கு 25 பேர் அளவு தனித்தனியாகப் பிரித்து வைத்து, இலை போட்ட பிறகு ஊற்றச் சொல்லுங்கள். மிஞ்சினால் மீனைப் பிசறி அரை மணி ஊறவைத்துத் தோசைக்கல்லில் போடலாம்.